நடுவிலேயே நிற்கும் முள்

மாஸ்டா நிறுவனம் 1989இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு கார். அதன் ஆரம்ப ஆண்டு மாடல்களில் இருந்த ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமாகவே அளந்தது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் முள் மேலே நிற்கும். சூடேறி ஐடிலில் ஓடும்போது இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி ஏறும். 1990களின் நடுவில் வந்த மாடல்களிலும் அதே இடத்தில் ஒரு ஆயில் மீட்டர் இருந்தது. ஆனால் இன்ஜின் பக்கம் சென்சாருக்குப் பதில் ஒரு சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். குறைந்தபட்ச அழுத்தம் வந்ததும் முள் நடுவுக்குப் போய் நின்றுவிடும். அதற்கு மேல் 20 பிஎஸ்ஐ ஆனாலும் 70 பிஎஸ்ஐ ஆனாலும் அது அசையாது.

ஃபோர்டு இதை 1980களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 6 பிஎஸ்ஐயில் மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்ச், மீட்டரின் பின்பக்கம் 20 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான் ஏற்பாடு. பரவலாகச் சொல்லப்படும் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயில் சூடானால் இளகும். இளகினால் அழுத்தம் குறையும். சிக்னலில் நிற்கும்போது முள் இறங்குவதைப் பார்த்துப் பயந்துபோய், எந்தக் கோளாறும் இல்லாத வண்டிகளை மக்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தார்கள். முள்ளை அசையாமல் நிறுத்தியதும் புகாரும் நின்றது.

வெப்பநிலை மீட்டரிலும் இதே கதைதான். இன்றைய பல கார்களில் கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் நட்ட நடுவில்தான் நிற்கும். வேகமானி உண்மையிலிருந்து விலகிக் காட்டுவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தின் பத்து சதவீதத்தோடு 4 கிலோமீட்டர் சேர்த்த அளவு வரைக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் முள் 114ஐக் காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதே.

கம்பெனியில் வந்தபடியே ஓட்டப்படும் காருக்கு இதனால் பெரிய தீங்கில்லை. கூலன்ட் வெப்பம் போன்ற முக்கியமான அளவுகளை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ தனி சென்சார் வழியாகச் சரியாகவே படிக்கிறது. ஆபத்து வந்தால் விளக்கு எரிகிறது. சிக்கல் தொடங்குவது, டர்போ இல்லாத இன்ஜினில் டர்போ ஏற்றும்போதும், டர்போ உள்ள இன்ஜினில் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டும்போதும்தான். மியாட்டா வைத்திருப்பவர்கள் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். கார் வடிவமைக்கப்பட்டபோது யாரும் எதிர்பார்க்காத அழுத்தமும் வெப்பமும் அந்த இன்ஜினுக்குள் வருகின்றன. டேஷ்போர்டோ பழைய இன்ஜினுக்கான டேஷ்போர்டு.

டர்போவின் வேலை சைலன்சர் வழியாக வீணாகும் புகையின் ஆற்றலை எடுத்து ஒரு விசிறியைச் சுழற்றுவது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். அதைத் தாங்குவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனமே உள்ள ஆயில் படலம். பெட்ரோல் இன்ஜினில் அந்தத் தண்டின் ஒரு முனையில் 950 டிகிரி வரை சூடான புகை மோதுகிறது. சிலிண்டருக்குள் காற்று கூடியதும் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூட வேண்டும். கூடாவிட்டால் எரிந்துகொண்டிருக்கும் கலவையின் கடைசிப் பகுதி தீ வந்து சேருமுன் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் இன்ஜின் நாக்கிங் என்று சொல்வது இதுதான். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 50 முறை எரிதல் நடக்கிறது. கடுமையான நாக்கிங் சில வினாடிகள் நீடித்தாலே பிஸ்டனின் விளிம்பு உடைந்துவிடலாம். கூலன்ட் கொதித்து அந்த நடு முள் அசையும் வரை காத்திருந்தால் பிஸ்டன் மிஞ்சாது.

டர்போ கார்க்காரர்கள் முதலில் வாங்குவது பூஸ்ட் மீட்டர். பழைய மெக்கானிக்கல் வகைக்கு மின்சாரமே தேவையில்லை. இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஓஸ் நேராக மீட்டருக்கு வரும். உள்ளே இருப்பது பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாய். திருவிழாவில் குழந்தைகள் வாங்கும் காகித ஊதல் ஊதியதும் சுருள் பிரிந்து நீள்வதுபோல, உள்ளே அழுத்தம் ஏறினால் இந்தப் பித்தளைக் குழாயும் நிமிரப் பார்க்கிறது. அந்த இம்மியளவு அசைவைப் பல்சக்கரங்கள் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன. நீராவி இன்ஜின் காலத்துக் கருவி இன்றும் வெல்டிங் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரில் இருக்கிறது, காரிலும் இருக்கிறது. எலக்ட்ரானிக் வகையில் இதே வேலையைச் சிலிக்கான் சவ்வு செய்கிறது. சவ்வு வளையும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் 0.5 முதல் 4.5 வோல்ட் வரையிலான சிக்னலாக மீட்டருக்குப் போகிறது.

இரண்டில் எதுவானாலும், காற்றை எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. திராட்டிலுக்கு முன்னால் டி ஜாயின்ட் போட்டால் ஐடிலில் உள்ள வெற்றிடம் தெரியவே தெரியாது. திராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் எடுத்தால்தான் சிலிண்டருக்குள் போகும் காற்றின் உண்மையான அழுத்தம் தெரியும். எரிபொருள் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் ஓஸில் மட்டும் கை வைக்கக் கூடாது. பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் கூட ஏற்றிக் கொடுப்பது அந்த ஓஸ்தான். மீட்டருக்காகப் போட்ட ஜாயின்ட் கசிந்தால் ரெகுலேட்டருக்குக் குறைந்த அழுத்தம் தெரியும், பெட்ரோல் குறையும், நாக்கிங் வரும். இன்ஜினைக் காக்கப் போட்ட மீட்டரே இன்ஜினைக் கெடுத்துவிடும்.

பூஸ்ட் மீட்டர் காட்டும் எண்ணுக்கு இன்னொரு முகம் உண்டு. அது காட்டுவது முழு அழுத்தம் அல்ல. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அதாவது 14.7 பிஎஸ்ஐ. அங்கே மீட்டர் 1 பார் காட்டினால் மேனிஃபோல்டில் இருப்பது 2 பார். இப்போது அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் ஆரி வடானென் டர்போ பொருத்திய பூஜோ 405 டி16 காரில் சாதனை படைத்த சாலை அது. தொடக்கமே 2862 மீட்டர் உயரத்தில். முடிவுக்கோடு 4302 மீட்டரில். உச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.6 பார் அளவே. அங்கே அதே மீட்டர் அதே 1 பாரைக் காட்டினால், மேனிஃபோல்டில் இருப்பது 1.6 பார்தான். கீழே காற்றை இரண்டு மடங்கு அமுக்கிய டர்போ, மேலே ஏறத்தாழ 2.7 மடங்கு அமுக்கிக்கொண்டிருக்கிறது. தண்டு மிக வேகமாகச் சுழல்கிறது, காற்று கூடுதலாகச் சூடாகிறது, இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்றோ குறைவு. முள் மட்டும் அதே இடத்தில். ஈசியூக்கள் முழு அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பது இதனால்தான். மலைப் பகுதியில் டர்போ கார் ஓட்டுபவர்கள் பூஸ்ட் மீட்டரின் எண்ணை மட்டும் நம்பி அழுத்தத்தைக் கூட்டக் கூடாது.

சுவீடனின் சாப் நிறுவனம் தன் 900 டர்போவில் எண்களே இல்லாத டர்போ மீட்டரைப் பொருத்தியது. வண்ணப் பட்டைகள் மட்டும். ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியது அது போதும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பூஸ்ட் மீட்டரைப் பொறுத்தவரை எனக்கும் அதில் உடன்பாடே.

ஆயில் பிரஷர் மீட்டரில் அப்படி இருக்க முடியாது. டர்போ காரில் அது எண்ணாகவே தெரிய வேண்டும். பொருத்தும்போது தவறு நேர வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதில்தான்.

மியாட்டாவின் இன்ஜின் பிளாக்கில் ஆயில் சென்சார் ஏறும் துளையின் மரை, ஜப்பானிய வழக்கப்படி பிரிட்டிஷ் அளவு: 1/8 அங்குலம், அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்காவில் செய்த சென்சாரும் 1/8 அங்குலம் என்றே சொல்லிக்கொண்டு வரும். அதில் 27 புரி, பக்கக் கோணமும் வேறு. கையால் திருகினால் முதல் இரண்டு சுற்று ஒழுங்காகவே ஏறும். பிறகு இறுகும். இறுகுவதைப் பார்த்து ஸ்பேனரைப் போட்டால் துளையின் மரை நசுங்கும். கசிவு அன்றைக்கே தெரியாமல், ஆயில் கொதிக்கும் ஒரு நாளில் தெரியும். இதற்கென்றே விற்கும் அடாப்டரின் விலை மிகச் சொற்பம். எலக்ட்ரானிக் சென்சார்கள் பெரும்பாலும் கனமானவை. அந்தக் கனத்தை இன்ஜினிலேயே தொங்கவிட்டால் அதிர்விலேயே அடாப்டரின் கழுத்து விரிசல் விட்டு உடையும். பின்னல் கம்பி போர்த்திய ஓஸ் ஒன்றைப் போட்டு, சென்சாரை பாடியில் கிளாம்ப் வைத்துப் பிடிப்பதே சரி.

அடுத்தது எர்த். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உலோக உடம்பே எர்த். கசியாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றினால் அந்த எர்த் அறுந்துபோகலாம். முள் இஷ்டத்துக்கு ஆடும். சென்சாரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருப்பதும் அவசியம். ஜெர்மானிய விடிஓ சென்சார்களில் அழுத்தமே இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். அமெரிக்கப் பழக்கத்தில் தலைகீழ்: அழுத்தமில்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். ஒன்றின் சென்சாரை இன்னொன்றின் மீட்டரோடு சேர்த்தால், அழுத்தம் ஏற ஏற முள் இறங்கும். மூன்று வயர் எலக்ட்ரானிக் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. 150 பிஎஸ்ஐ வரை அளக்கும் சென்சாரில் 4 வோல்ட்டுக்குள் முழு அளவும் அடக்கம். ஹெட்லைட்டுக்குப் போகும் எர்த் வயரிலேயே மீட்டரின் எர்த்தையும் சேர்த்துவிட்டால், லைட் போட்டதும் அந்த வயரில் 0.1 வோல்ட் விழுந்தாலே அளவு கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ மாறும். லைட் போடும்போது முள் அசைகிறதா என்று பார்ப்பது வயரிங்கைச் சோதிக்க எளிய வழி. அசைந்தால் சென்சாரை மாற்ற வேண்டியதில்லை, எர்த்தை மாற்றினால் போதும்.

மெக்கானிக்கல் ஆயில் மீட்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நூறு டிகிரிக்குச் சூடான ஆயில், அழுத்தத்தோடு, ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கும் ஏற்பாடு அது.

ஆயிலின் வெப்பநிலையும் தெரிந்தால்தான் ஆயில் அழுத்தத்துக்கு அர்த்தம் உண்டு. கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் பின்தங்கியே சூடாகும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததைப் பார்த்து டர்போவை முழு வேகத்தில் இயக்குபவர், இன்னும் கெட்டியாக இருக்கும் ஆயிலை நம்பித்தான் அதைச் செய்கிறார். மறுபக்கம், நீண்ட மேட்டில் முழு பூஸ்ட்டில் ஏறும்போது கூலன்ட் சாதாரணமாக இருக்க, ஆயில் 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். 90 முதல் 110 வரை இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

பெட்ரோல் டர்போவின் உயிர் காக்கும் மீட்டர் என்று நான் சொல்வது கலவை மீட்டரை. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம் 14.7க்கு 1 என்றால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பூஸ்ட்டில் அப்படி ஓட்டக் கூடாது. பெட்ரோலைக் கூட்டி 11.5 அல்லது 12 என்ற அளவில் வைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் வெப்பத்தை உறிஞ்சி நாக்கிங்கைத் தள்ளிப்போடும். கம்பெனியில் பல கார்களுக்குப் போடும் சாதாரண ஆக்சிஜன் சென்சாரால் இதை அளக்க முடியாது. 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டுமே அதற்குத் தெரியும், 0.45 வோல்ட்டைச் சுற்றிச் சட்டென்று தாவும். இந்த வோல்ட்டை வண்ண விளக்குகளாகக் காட்டும் மலிவான மீட்டர்கள் பார்க்க அழகாக இருக்கும். டர்போ காருக்கு அவை பயன்படா.

தேவை வைட்பேண்ட் சென்சார். அதன் நுனியில் சிர்கோனியா பீங்கானால் ஆன நுண்ணிய அறை இருக்கிறது. அந்த அறைக்குள் ஆக்சிஜன் சமநிலையை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்க, மின்னோட்டம் செலுத்தி ஆக்சிஜன் அயனிகளை உள்ளேயோ வெளியேயோ இறைக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவு. போஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 சென்சார் இந்த வேலைக்காகத் தன் நுனியை 780 டிகிரி அளவில் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. சிவக்கச் சூடான பீங்கானின் மேல் ஒரு துளி நீர் விழுந்தால் வெடித்துவிடும். ஆகவே சென்சாரைக் குழாயின் அடிப்பக்கம் பொருத்தாமல், கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்வில் பொருத்த வேண்டும். டர்போவுக்கு முன்னால் பொருத்தினால் அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் சென்சாரையும் கெடுக்கும், அளவையும் கெடுக்கும். டர்போவைத் தாண்டித்தான் பொருத்த வேண்டும்.

இந்தச் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சிறு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் போதவில்லை என்று மீட்டர் காட்டும். ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து அதையே காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டினால் நோய் ஒன்று, மருந்து வேறு என்றாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் 14.7 என்ற எண்ணுக்கே பொருள் மாறுகிறது. பத்து சதவீத எத்தனால் கலந்தால் முழு எரிதலுக்கான விகிதம் 14.1 அளவுக்கு இறங்கும். மீட்டரோ தன் கணக்கில் 14.7 என்றே காட்டும். சரியான அளவை 1 என்று வைத்துக் காட்டும் லாம்டா முறைக்கு மீட்டரை மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

டீசல் டர்போவில் கலவை மீட்டரின் இடத்தைப் புகை வெப்பநிலை மீட்டர் எடுத்துக்கொள்கிறது. இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பு சூடானால் மின்னழுத்தம் பிறக்கும் என்று இயற்பியலாளர் ஸீபெக் 1821இல் கண்ட விளைவுதான் அதன் அடிப்படை. டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் போன்ற மிகச் சிறிய சிக்னல் அது. இடையில் சாதாரணச் செம்பு வயரைப் போட்டு நீட்டினால் புதிய உலோகச் சந்திப்புகள் உருவாகி அளவு தவறிவிடும். உடன் வரும் வயரையே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு துளை போட வேண்டுமா, இன்ஜின் கோளாறுகளைப் படிக்கக் காரிலேயே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு சாதனத்தைச் செருகி போனிலேயே பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் வெப்பத்துக்கு அது போதும். நடு முள்ளின் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான டிகிரி அதில் தெரியும். பூஸ்ட்டுக்குப் போதாது. மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கான பொதுவான ஓபிடி அளவு ஒற்றை பைட். 0 முதல் 255 கிலோபாஸ்கல் வரை மட்டுமே காட்டும். வெளிக்காற்றைக் கழித்தால் ஏறத்தாழ 1.5 பார் பூஸ்ட். பூஸ்ட்டைக் கூட்டிய கார் அதைத் தாண்டிப் போனாலும் போன் 255ஐயே காட்டிக்கொண்டிருக்கும்.

டேஷ்போர்டின் மீட்டர் தொகுதியையே மொத்தமாகக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை வைப்பது பந்தய கார்களுக்குச் சரி. சாலையில் ஓடும் காருக்கு வேண்டாம். ஏர்பேக், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்குகள் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. பல கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டின் ஒரு பகுதியும் அங்கேதான். ஓடிய கிலோமீட்டர் கணக்கும் அதோடு போய்விடும். கம்பெனி மீட்டர்களை அப்படியே விட்டுவிட்டு, 52 அல்லது 60 மில்லிமீட்டர் வட்ட மீட்டர்களைப் பக்கத்தில் சேர்ப்பதே நல்லது. ஜன்னல் ஓரத் தூணில் வைப்பதற்கு முன், உள்ளே திரை ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானின் நீகாட்டா மாநிலம் நாகாவோக்காவில் உள்ள நிப்பான் செய்கி, கார் கம்பெனிகளுக்கு டேஷ்போர்டு மீட்டர்களைச் செய்து தருகிறது. டர்போ கார்க்காரர்கள் விரும்பி வாங்கும் டெஃபி மீட்டர்களும் அதே நிறுவனத்தின் தயாரிப்புதான். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்கிறது. என்ன காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்தான் வேறு. ஓட்டுநர் பதறக் கூடாது என்று கார் கம்பெனி நினைக்கிறது. டர்போ ஏற்றியவருக்கோ உரிய நேரத்தில் பதறத் தெரிய வேண்டும். அவருக்கு முள்ளைவிட முக்கியமானது எச்சரிக்கை. முழு பூஸ்ட்டில் போகும்போது கண் சாலையில்தான் இருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் விழுந்தால் கண்ணில் படும்படி விளக்கு எரிய வேண்டும், காதில் விழும்படி பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். பந்தயக்காரர்கள் ஒவ்வொரு மீட்டரையும் திருப்பிப் பொருத்தி, எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முட்களும் நேர் மேலே நிற்கும்படி வைத்துக்கொள்வார்கள். ஒரு முள் சாய்ந்திருந்தால் எண்ணைப் படிக்காமலேயே தெரிந்துவிடும். வீட்டுக் காரிலும் இதைச் செய்யலாம், செலவே இல்லை.

காசுக்கு ஏற்றபடி வாங்குவதென்றால் என் வரிசை இது: பெட்ரோல் டர்போவுக்கு முதலில் வைட்பேண்ட் கலவை மீட்டர், அடுத்து எச்சரிக்கை விளக்குள்ள ஆயில் பிரஷர் மீட்டர், பிறகு ஆயில் வெப்பநிலை, கடைசியாகத்தான் பூஸ்ட். பெரும்பாலோர் வாங்குவது இதற்கு நேர் எதிர் வரிசையில். ஆயில் மீட்டர் போடும்போது கம்பெனியில் வந்த பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஒரு டி ஜாயின்ட் போட்டு அதையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். புதிய மீட்டரின் ஃபியூஸ் போனாலும் அந்தப் பழைய சுவிட்ச் தன் வேலையைச் செய்யும்.